ப்ளெக்கோ மீனுக்குத் தனியாக உணவு போட வேண்டுமா, தொட்டியில் இருக்கும் பாசியே போதாதா?

போதாது. கட்டாயம் தனியாகப் போட வேண்டும். சக்கர் மீன் என்றும் சொல்லப்படும் இந்த ப்ளெக்கோ தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லியே விற்பதால், பாசியைத் தின்றே அது வாழ்ந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். நானும் நம்பினேன்.

என் முதல் பிரிஸில்நோஸ் ப்ளெக்கோ (ப்ளெக்கோவில் ஒரு சின்ன வகை) வந்த ஒரே மாதத்தில் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். ஒருநாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பக்கக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டிருந்தது. வயிறு உள்வாங்கிக் குழிந்திருந்தது. பாசி தீர்ந்த பிறகு பட்டினி கிடந்திருக்கிறது. மற்ற மீன்களுக்குப் போட்டது மேலேயே தீர்ந்துபோனதால் அடியில் இருந்த இதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

மறுநாளே வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி, மூழ்குவதற்காக முள்கரண்டியில் குத்தி உள்ளே வைத்தேன். இது இரவில் மேயும் மீன், அதனால் விளக்கை அணைத்த பிறகு வைப்பதுதான் சரி. காலையில் நடுச்சதை முழுக்கச் சுரண்டப்பட்டு, பச்சைத் தோல் வளையம் மட்டும் கிடந்தது. மிச்சத்தைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் கெடும். வெள்ளரியில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால் அது மட்டும் போதாது. அடியில் மூழ்கும் வேஃபர் (வில்லை வடிவ மீன் உணவு), வேகவைத்துத் தோல் நீக்கிய பட்டாணி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். சில வாரங்களில் வயிறு சமமானது.

அப்புறம், எல்லா ப்ளெக்கோவுக்கும் ஒரே சாப்பாடு கிடையாது. பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் வாழும் ஜீப்ரா ப்ளெக்கோ பாசியைப் பெரிதாகச் சீண்டாது. அதற்கு உறைய வைத்த ரத்தப்புழு மாதிரி மாமிச உணவுதான் வேண்டும். பனாக் வகைக்கோ சுரண்டித் தின்ன மரக்கட்டை இருந்தே ஆக வேண்டும். பிரிஸில்நோஸுக்கும் ஒரு ட்ரிஃப்ட்வுட் (தொட்டியில் போடும் மரக்கட்டை) போட்டு வையுங்கள். சுரண்டும், பகலில் அதனடியிலேயே ஒளிந்துகொள்ளும்.

நன்றாகச் சாப்பிடும் ப்ளெக்கோ நூல் நூலாகக் கழிவும் தள்ளும். ஃபில்டர் இருந்தாலும் நான் வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றுகிறேன்.

உங்களிடம் இருப்பது சாதாரண ப்ளெக்கோ என்றால், விரல் நீளத்தில் வாங்கியது 30 செ.மீ. தாண்டி வளரும். சின்னத் தொட்டி அதற்கு ஆகாது. அதற்கு இடமில்லாதவர்கள் 12 முதல் 15 செ.மீ.க்குள் நிற்கும் பிரிஸில்நோஸ் வளர்க்கலாம்.

எந்த வகையானாலும் சரி, இன்று இரவே டார்ச் அடித்து, கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அதன் வயிற்றைப் பாருங்கள். குழிந்திருந்தால் உடனே வெள்ளரியும் வேஃபரும் போடுங்கள்.