பாஞ்சோவில் மணியோசை கொண்டுவருவது எப்படி?

கேள்வி: கிளாஹாமர் முறையில் (வலது கை நகத்தால் கம்பியைக் கீழ்நோக்கித் தட்டும் முறை) 5 கம்பி பாஞ்சோ (தோல் போர்த்திய வட்ட உடல் கொண்ட கம்பி வாத்தியம்) பழகுகிறேன். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியின் பழைய மெட்டுகளை வாசிக்கிறவர்கள் நடுவில் திடீரென்று மணி அடிப்பது போல ஒரு ஓசையைக் கொண்டுவருகிறார்கள். நான் 12ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) விரலை வைத்து முயன்றால் ‘டொக்’ என்றுதான் கேட்கிறது. எங்கே தவறு?

பதில்: விரல் வைக்கும் இடத்தில்தான். வழக்கமாக வாசிக்கும்போது ஃப்ரெட்டுக்குக் கொஞ்சம் பின்னால் அழுத்துவோம் இல்லையா, அந்தப் பழக்கத்தில் இங்கேயும் வைத்தால் ஓசை செத்துவிடும். ஃப்ரெட்டின் உலோகக் கோட்டுக்கு நேர் மேலே, அழுத்தாமல், சும்மா தொட்டபடி இருங்கள். வலது கை நகம் கம்பியைத் தட்டிய அடுத்த கணம் விரலை எடுத்துவிடுங்கள். எடுக்கத் தாமதித்தாலும் ‘டொக்’தான்.

12ஆம் ஃப்ரெட் கம்பியின் சரிபாதி. அங்கே தொட்டால் முழுக் கம்பியின் அதிர்வு அடங்கி, இரண்டு பாதிகளும் தனித்தனியாக அதிர்வதால் ஒரு ஸ்தாயி மேலே, மெலிதான, தெளிவான ஒலி கிடைக்கும். 7ஆம் ஃப்ரெட் மூன்றில் ஒரு பங்கு, 5ஆம் ஃப்ரெட் நான்கில் ஒரு பங்கு. 12இலிருந்து 7, 5 என்று போகப் போக ஒலி சின்னதாகும், தொடும் இடமும் துல்லியமாக இருக்க வேண்டும், அதனால் முதலில் 12இல் கை படியட்டும்.

திறந்த ஜி சுருதியில் (கம்பிகளை அழுத்தாமல் தட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும் சுருதி; கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) இது மிக அழகாக அமைகிறது: 12இல் ஜி கார்டு, 7இல் டி கார்டு. ஏராளமான பழைய மெட்டுகளுக்கு இந்த இரண்டே போதும். குட்டைக் கம்பியான 5ஆம் கம்பி மட்டும் 5ஆம் ஃப்ரெட் பக்கத்தில் தொடங்குவதால் அதன் சரிபாதி 17ஆம் ஃப்ரெட்டில் வரும். ஆனால் 12இல் தொட்டாலும் அதில் ஒரு டி ஒலிக்கும், ஜி கார்டோடு நன்றாகவே சேரும்.

அப்புறம், இதில் பலர் கவனிக்காத ஒன்று: மணி என்றால் அடித்த பிறகு நீளும் ஓசை, பாஞ்சோவிலோ தோல் அதிர்வைச் சீக்கிரம் வாங்கிக்கொள்வதால் ஒலி சட்டென்று அடங்கும். ஆகவே மணிக்குப் பிறகு இடது கை எந்தக் கம்பியிலும் படாமல் இருக்கட்டும், அடுத்த தட்டை விட்டுவிடுங்கள், கட்டைவிரலால் 5ஆம் கம்பியை மட்டும் மென்மையாக ஒலிக்கவிடுங்கள். பிரிட்ஜ் (தோல்மேல் நின்று கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கம் தட்டினால் ஓசை இன்னும் கூர்மையாகும். மெட்டின் வரி முடியும் இடத்தில் ஒருமுறை செய்தால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார், வரிக்கு வரி செய்தால் மெட்டே காணாமல் போகும். இதில் சிக்கனம் அவசியம் என்று அழுத்தியே சொல்வேன்.

கேள்வி: ஃப்ரெட் இல்லாத பழைய மாதிரி பாஞ்சோவில் இது வருமா?

பதில்: தாராளமாக வரும். பாதியும் மூன்றில் ஒரு பங்கும் கம்பியில் இருக்கின்றன, ஃப்ரெட் வெறும் அடையாளம்தான். நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) பிரிட்ஜ் வரை அளந்து சரிபாதியில் கழுத்தின் ஓரம் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். 19ஆம் நூற்றாண்டில் வழக்கிலிருந்த குடல் நரம்பைப் போன்ற மென்மையான கம்பி போட்டிருந்தால் மணி கொஞ்சம் மங்கலாகக் கேட்கும், எஃகுக் கம்பியில் பளிச்சென்று ஒலிக்கும். பாஞ்சோவின் பிரிட்ஜ் ஒட்டப்படாமல் நகரக்கூடியது என்பதால், அது நகர்ந்தால் அந்தப் புள்ளியும் மாறும், மறுபடி அளந்துகொள்ளுங்கள்.