குளிர்காலத்தில் கடல் தூண்டில்: புயல் ஓய்ந்த மறுநாள் எங்கே நிற்பது?

கேள்வி: கோடை முழுக்கப் பாறை மேல் நின்று தூண்டில் போட்டுப் பழகியவன் நான். குளிர்காலத்தில் புயலடித்து ஓய்ந்ததும் மீன் நன்றாகக் கடிக்கும் என்கிறார்கள். அதே பாறைக்குப் போகலாமா? எப்படித் தயாராக வேண்டும்?

பதில்: மீன் கடிக்கும் என்பது சரிதான். பெருங்காற்றில் அலை அடிமணலைக் கிளறிவிடும். புதைந்து கிடக்கும் புழு, மட்டி, நண்டு எல்லாம் வெளியே வந்து விழும். அதைத் தின்ன கோட், வைட்டிங் போன்ற குளிர்நீர் மீன்கள் கரையோரம் வரும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் பகலிலேயே கிட்டே வந்து மேயும்.

ஆனால் பாறையை விட்டுவிடுங்கள். காற்று நின்றதும் அலை நின்றுவிடாது. எங்கோ தொலைவில் கிளம்பிய பேரலை ஒன்றிரண்டு நாள் கழித்தும் வந்துகொண்டே இருக்கும். அலைகளுக்கு நடுவே 6 விநாடியாக இருந்த இடைவெளி 12 விநாடி ஆகியிருந்தால் கடல் சாதுவாகிவிட்டது போலத் தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். உயரம் அதேதான் என்றால், இடைவெளி கூடிய அலைக்குத்தான் விசை அதிகம். வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, மூன்று நான்கு பெரிய அலைகள் அடுத்தடுத்து ஏறும். எந்த இடமானாலும் பெட்டியைத் திறக்குமுன் 20, 30 நிமிடம் கடலைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். மழையே இல்லாத நாளில் பாறை ஈரமாக இருந்தால், அலை அதுவரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

மணல் கரைதான் என் தேர்வு. கடல் ஏற்றம் முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது தொடங்கி, இறக்கம் ஆரம்பித்து ஒரு மணி நேரம் வரை நின்றால் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். திரும்பும் வழியைத் தண்ணீர் அடைத்துவிடாதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் விழுந்தால் உடம்பு விறைத்துத்தான் சாவு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வெகுநேரம் முன்பே ஆபத்து வந்துவிடும். 15 டிகிரிக்குக் கீழான நீரில் விழுந்ததும் மூச்சு தானாக வாங்கும். அந்த நேரம் தலை நீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் உள்ளே இழுப்பீர்கள். மீட்புப் பயிற்சிகளில் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூச்சு கட்டுக்குள் வர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய 1 மணி நேரம். உறைபனி போன்ற நீருக்கான தோராயக் கணக்கு இது. அந்த முதல் நிமிடம் முகம் மேலே இருக்க வேண்டுமே, அதற்குத்தான் லைஃப் ஜாக்கெட். கால் இடுக்கு வாரையும் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஜாக்கெட் மேலே ஏறும், ஆள் கீழே நழுவுவார். யாராவது விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள். மிதக்கும் எதையாவது எறிந்துவிட்டு உதவிக்கு அழையுங்கள்.

உடையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே கம்பளி, வெளியே காற்றும் நீரும் புகாத சட்டை. பருத்தி மட்டும் வேண்டாம், நனைந்தால் காயாது. உடம்பு சூடேறும் என்று மது குடிப்பது வெறும் மயக்கம். தோலுக்கு ரத்தம் பாய்ந்து உள்சூடுதான் வெளியே போகும். தலைவிளக்குக்கு மாற்று பேட்டரியைச் சட்டைப்பைக்குள் வையுங்கள். குளிரில் அது சீக்கிரம் சோர்ந்துவிடும்.

கையைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஒருமுறை என் கட்டைவிரலில் தூண்டில் முள் ஏறியது எனக்கே தெரியவில்லை. இரைத்துண்டில் ரத்தம் பட்டிருந்ததைப் பார்த்துத்தான் விரலைத் திருப்பினேன். விறைத்த விரலால் தங்கூஸில், அதாவது நைலான் தூண்டில் நரம்பில், முடிச்சுப் போட முடியாது, இறுக்கிவிட்டதாக நினைப்போம், அது நழுவும். அதனால் முள், ஈயக் குண்டு எல்லாவற்றையும் வீட்டிலேயே கட்டி ஏழெட்டு செட் எடுத்துப் போங்கள். இரையையும் ரப்பர் நூலால் சுற்றிவிடுங்கள், வீசும்போது சிதறாது. கலங்கல் நீரில் மீன் மோப்பம் பிடித்துத்தான் வரும் என்பதால் புதுப் புழுவோடு கணவாய்த் துண்டையும் சேர்த்துக் கட்டுவேன். சுவை கரைந்த இரையை 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கடி கோடையில்போல வெடுக்கென்று வராது. நீர் குளிரக் குளிர மீன் மந்தமாகும்; கம்பின் நுனி இலேசாகத் தலையாட்டும், அல்லது தூண்டில் நரம்பு திடீரென்று தொய்யும். தொய்ந்தால், மீன் இரையோடு கரைப்பக்கம் வருகிறது. பதறிச் சுண்டாமல், தொய்வு தீரும்வரை ரீலைச் சுற்றி, கனம் தெரிந்ததும் கம்பைத் தூக்குங்கள்.