சண்டை ஓய்ந்த பட்டறை

அன்புள்ள சார்,

கோவை கணபதியில் சின்னதாக ஒரு சிஎன்சி பட்டறை (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மிஷின்கள்) நடத்துகிறேன். பதினான்கு பேர். பம்ப் ஷாஃப்ட், ஸ்லீவ் என்று மற்ற கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஆர்டர் வேலை. ஆறு வருடமாக இருந்த சீனியர் ஆப்பரேட்டர், தீபாவளிக்கு போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. ஓசூரில் சேர்ந்துவிட்டாராம்.

முன்பெல்லாம் சூடு தணிக்க ஊற்றும் கூலண்ட் நாறுகிறது, உலோகத்தைச் சீவும் இன்சர்ட் முனை மட்டம் என்று தினமும் என்னிடம் மல்லுக்கு நிற்பார். போன வருடம் என் அக்கா மகனை சூப்பர்வைசராக வைத்தேன். அதற்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை. சொன்னதைச் செய்துவிட்டுப் போய்விடுவார். சரி, செட்டாகிவிட்டார் என்று நிம்மதியாக இருந்தேன். லீவும் அதிகம் போடவில்லை, போனும் கையுமாகவும் நிற்கவில்லை. ஒருவர் கிளம்பப் போகிறார் என்பதை எப்படித்தான் கண்டுபிடிப்பது? இப்போது இன்னொரு ஆப்பரேட்டர் இன்சர்ட் சரியில்லை என்று கத்த ஆரம்பித்திருக்கிறார். இவரும் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

செ., கோவை

அன்புள்ள செ.,

கேள்விக்கான பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். நிம்மதியாக இருந்தேன் என்கிறீர்களே, அந்த ஒரு வருடம்தான் அடையாளம்.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு அலுவலகத்தில் பதினோரு வருடம் கணக்கு எழுதினேன். கையெழுத்தில்லாத வவுச்சர் வந்தால் வாங்க மாட்டேன். மாதக் கடைசியில் மேனேஜருக்கும் எனக்கும் அது ஒரு சடங்கு மாதிரி நடக்கும் சண்டை. போய்விடுவது என்று மனதுக்குள் முடிவான மாதத்திலிருந்து எல்லா வவுச்சரையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். "இப்பத்தான்யா உனக்குப் பக்குவம் வந்திருக்கு" என்றார் மேனேஜர். நாலு மாதத்தில் ராஜினாமா கடிதத்தை நீட்டியபோது அந்த மனிதர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் வீட்டைக் காலி பண்ணப் போகிறவன் ஒழுகுகிற ஓட்டைப் பற்றி யாரிடம் புகார் சொல்வான்?

நீங்கள் லீவையும் போனையும் எண்ணிக்கொண்டிருந்ததில் தப்பில்லை, எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் கார்ட்னர், வான் இடெகிங், ஹோம் என்ற மூன்று பேராசிரியர்கள் இதையே ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிளம்பப் போகிறவர்களிடம் தெரியும் 13 மாற்றங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அடிக்கடி டாக்டரிடம் போவது, திடீரென்று டிப்டாப்பாக உடுத்தி வருவது போன்ற சந்தேகங்கள் அந்தப் பட்டியலில் தேறவில்லை. தேறியவை வேறு: வேலை குறைகிறது, முதலாளியைத் திருப்திப்படுத்தும் ஆர்வம் போகிறது, மாதக்கணக்கில் இழுக்கும் வேலையில் தலையைக் கொடுப்பதில்லை, சொன்னதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை. கவனியுங்கள், அவர்கள் பார்த்தது மாற்றத்தை. பிறவியிலேயே வாய் திறக்காத ஆளைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. தினமும் கத்தியவர் அமைதியானால் அது விஷயம்.

போனஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்பதில் ஒரு மனத்தாங்கல் தெரிகிறது. அதை விட்டுவிடுங்கள். 1965இல் வந்த போனஸ் சட்டம் பின்னாளில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று வைத்தது, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. அது முடிந்துபோன கணக்காண்டில் அவர் பார்த்த வேலைக்கு. தீபாவளிக்கு அப்புறமும் உங்களிடம் இருக்க அவர் வாங்கிய முன்பணம் இல்லை. நான்கூட போனஸ் வரைக்கும் காத்திருந்துதான் கிளம்பினேன்.

இனி அக்கா மகன். ஒரே வரியில் அவரைத் தாண்டிப் போய்விட்டீர்கள். 1994இல் லீ, மிட்செல் என்ற இருவர் சொன்னது இது: ஆட்கள் எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சலித்துப் போவதில்லை, பல சமயம் ஏதோ ஒரு சம்பவம் ஆளை உலுக்கி, 'நான் ஏன் இங்கே இருக்கிறேன்' என்று யோசிக்க வைக்கிறது. அதை அவர்கள் அதிர்ச்சி என்றே அழைத்தார்கள். ஆறு வருடம் மிஷினுக்கு செட்டிங் போட்ட மனிதர் ஒரு நாள் காலை வருகிறார். அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை எந்தப் பக்கம் படிப்பது என்று தான் சொல்லித்தர வேண்டிய பையனிடம் ரிஜெக்‌ஷனுக்கு விளக்கம் சொல்கிறார். (உங்கள் மருமகனுக்கு மைக்ரோமீட்டர் படிக்கத் தெரிந்தால் மன்னிக்கவும்.) இன்சர்ட் பற்றிய புகாரை இனிமேல் அவரிடம்தானே சொல்ல வேண்டும்? சொல்லாமல் விட்டுவிட்டார். அன்றைக்கே அவர் கிளம்பியாயிற்று, உடம்பு மட்டும் தீபாவளி வரை ஷிஃப்ட் பார்த்தது. இது என் ஊகம்தான். ஓசூருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள், இப்போது உண்மையைச் சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்காது.

இன்னொரு ஆப்பரேட்டர் கத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். மட்டமான இன்சர்ட் நாலு ஜாபில் முனை போய், ஃபினிஷ் கெட்டு, பழி தன் தலையில் விழுகிறதே என்று கவலைப்படுகிறவர்தான் கத்துவார். அவர் போய்விடுவார் என்று இப்போதைக்கு எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் கத்தியதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லையே?