பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளும் நம் மலைவேம்பும்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் மூன்று ஏக்கரில் மலைவேம்பு வைத்திருக்கிறேன். கேரளத்துப் பெரும்பாவூரில் பிளைவுட் தொழில் படுத்துவிட்டது, இனி மரத்துக்கு விலை இருக்காது என்கிறார் வியாபாரி. உண்மையா?

பதில்: வியாபாரி சொல்வதில் பாதிதான் உண்மை. ஆலைகள் நெருக்கடியில் இருக்கின்றன. ஆனால் அதற்கு முக்கியமான காரணம் மரத் தட்டுப்பாடு என்பதால், அந்த நெருக்கடி உங்கள் மரத்தின் மதிப்பைத் தானாகக் குறைத்துவிடாது.

எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ள பெரும்பாவூர் ஆலைகள் ரப்பர் மரத்தை நம்பி எழுந்தவை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால் வடகிழக்கு மாநிலங்களின் மர ஆலைகள் முடங்கியபோது, அங்கே வேலையிழந்த அசாம் தொழிலாளர்கள் பலர் பெரும்பாவூருக்கு வந்து சேர்ந்தார்கள். ரப்பர் மரத்தைப் பால் வற்றிய பிறகு, ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்வார்கள். 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டியிருந்த ரப்பர் விலை பின்னர் சரிந்ததும், மறுநடவுச் செலவுக்கு அஞ்சிய சிறு விவசாயிகள் கிழட்டு மரங்களை வெட்டாமலே விட்டுவைக்க, ஆலைக்கு வரும் மரம் குறைந்தது. அரியானாவின் யமுனா நகர் ஆலைகளுக்கோ உழவர்களே வளர்க்கும் பாப்லர் மரமும் தைலமரமும் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கின்றன. இந்தப் போட்டியும் பெரும்பாவூரைக் கடுமையாக வாட்டுகிறது. 2017 ஜூலையில் 28 விழுக்காடாக இருந்த பிளைவுட் ஜி.எஸ்.டி. அதே ஆண்டு நவம்பரில் 18 ஆனது ஓர் ஆறுதல். ஆனால் தரக் கட்டுப்பாட்டு ஆணை ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியதில், சிறு ஆலைகளுக்குச் சோதனைக்கூடச் செலவும் சேர்ந்துகொண்டது.

ரப்பர் மரத்துக்கு மாற்றாக மலைவேம்பு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஆலைக்காரர் முதலில் பார்ப்பது கணுவைத்தான். கடைசல் எந்திரத்தில் கட்டையைச் சுழற்றி, பிளைவுட்டின் அடுக்குகளாகும் மெல்லிய மரத் தாளை (வெனீர்) உரிக்கும்போது, பக்கக்கிளை இருந்த இடமெல்லாம் ஓட்டையாகும். அந்தத் தாள் முகப்புக்கு ஆகாமல் உள்ளடுக்குக்குத் தள்ளப்படும், விலையும் இறங்கும். ஆகவே கன்று இளசாக இருக்கும்போதே பக்கக்கிளைகளைக் கழித்து, நேரான தண்டாக வளர்ப்பது மிக அவசியம். விற்கும் முன் இரண்டு மூன்று ஆலைகளில் நேரடியாக விலை கேளுங்கள். எந்தச் சுற்றளவுக்கு என்ன விலை, பட்டையோடா பட்டை நீக்கியா, வெட்டுக்கூலியும் லாரி வாடகையும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணத்துக்குக் கை நீட்டுங்கள்.