‘நே’ என்றால் ஆம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தமாக ஏதென்ஸில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். நான் கேட்ட பொருளுக்குக் கடைக்காரர் ‘நே’ என்று சொல்லும்போதெல்லாம் இல்லை என்கிறார் என நினைத்துத் திரும்பி வந்திருக்கிறேன். அது ‘ஆம்’ என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆங்கில ‘நோ’, பிரெஞ்சு ‘நோன்’, ருஷ்ய ‘நியெத்’ எல்லாம் ‘ந’ ஒலியில் தொடங்கும் மறுப்புகளாக இருக்கையில், கிரேக்கம் மட்டும் ஏன் தலைகீழாக இருக்கிறது? இச்சொற்களுக்கு ஒரே வேர்தானா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் குறிப்பிடும் மூன்று மறுப்புகளுக்கும் வேர் ஒன்றுதான். ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இருந்ததாக அறிஞர்கள் மீட்டெடுத்திருக்கும் ‘நெ’ என்ற அசையிலிருந்து கிளைத்தவை அவை. சமஸ்கிருதத்தின் ‘ந’வும் அக்குடும்பம்தான். கிரேக்கமோ அந்த அசையைத் தனிச்சொல்லாக வழங்குவதை வெகுகாலத்துக்கு முன்பே விட்டுவிட்டு, ‘ஊ’ என்ற வேறு சொல்லை மறுப்புக்கு எடுத்துக்கொண்டது. இன்றைய ‘ஓஹி’ அதன் வழிவந்தது. (1940 அக்டோபர் 28 அன்று இத்தாலியின் இறுதி எச்சரிக்கையை மறுத்ததன் நினைவாக, ‘ஓஹி நாள்’ என்றே அங்கு ஒரு தேசிய விடுமுறை உண்டு.) நீங்கள் கேட்ட ‘நே’, பழைய கிரேக்கத்தில் உறுதி கூறப் பயன்பட்ட ‘நை’ என்ற சொல்லின் இன்றைய ஒலிப்பு.

எனக்கு இதைவிடச் சுவையாகத் தோன்றுவது ‘ஆம்’ என்பதன் கதை. மறுப்பைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்ற ஐரோப்பிய மொழிகள் பல, உடன்பாட்டுச் சொல்லைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. லத்தீனில் ‘ஆம்’ என்பதற்கென்று ஒரு தனிச்சொல் நிலைபெறவில்லை, ‘வந்தாயா?’ என்றால் ‘வந்தேன்’ என்று நாம் சொல்வதைப்போல வினைச்சொல்லையே திருப்பிச் சொன்னார்கள், அல்லது ‘ஸிக்’, அதாவது ‘அப்படியே’, என்றார்கள். அந்த ‘ஸிக்’தான் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ‘ஸி’ ஆயிற்று. பிரான்சின் தென்பகுதியினரோ ‘இது’ என்று பொருள்படும் ‘ஹோக்’ என்பதைச் சுருக்கி ‘ஓக்’ என்றார்கள். வடக்கில் அதனுடன் ஆளைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து, தன்னைப் பற்றிய கேள்விக்கு ‘ஓ ஜெ’ (இது, நான்) என்றும், இன்னொருவனைப் பற்றிய கேள்விக்கு ‘ஓ இல்’ (இது, அவன்) என்றும் விடை சொன்னார்கள். நாளடைவில் மற்றவை உதிர்ந்து, ‘ஓயில்’ மட்டும் எல்லாக் கேள்விக்கும் பொது விடையாக நிலைத்து, இன்றைய ‘வுய்’ ஆகத் தேய்ந்தது. தன்னைப் பற்றி ஒரு பெண் சொல்லும் ‘வுய்’யிலும் ஒரு ‘அவன்’ ஒளிந்திருக்கிறான் என்பது எனக்கு அலுக்காத வேடிக்கை.

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் கவிஞர் தாந்தே, வட்டார மொழிகளைப் பற்றி லத்தீனில் எழுதிய நூலில், ‘ஓக்’, ‘ஓயில்’, ‘ஸி’ என்ற மூன்று உடன்பாட்டுச் சொற்களைக் கொண்டே இம்மொழிகளை வகைப்படுத்தினார். ‘லாங்க்தொக்’ என்ற தென்பிரெஞ்சு நிலப்பகுதியின் பெயருக்கே ‘ஓக் மொழி’ என்றுதான் பொருள். ருமேனிய மொழியும் லத்தீனின் பிள்ளைதான் என்றாலும், தன் ‘தா’வை ஸ்லாவிய அண்டை வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டது. அயர்லாந்தின் ஐரிஷ் மொழி இன்றுவரை அப்படி எதையும் தேடிக்கொள்ளாமல், வினைச்சொல்லைத் திருப்பிச் சொல்லியே காலம் தள்ளுகிறது.

அடுத்தமுறை ஏதென்ஸ் போனால் ‘நே’ காதில் விழுந்ததும் பணப்பையை எடுங்கள். கடைக்காரர் புருவத்தை உயர்த்தித் தலையைப் பின்னுக்குச் சாய்த்து ‘ச்’ கொட்டினால், அப்போது திரும்பி வரலாம்.