கோயில் வீதியில் நின்ற லொறி

கேள்வி: நான் கிளிநொச்சியில் ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா இருபத்தாறு வருடங்களாக லொறி ஓட்டுகிறார். எனக்குக் கலியாணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளைக்குக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில் வேலை. லொறிச் சாரதி என்றாலே குடிகாரர், முரடர் என்றுதான் எங்கள் சனம் நினைக்கிறது. பொம்பிளை பார்க்க வந்த அன்று அப்பா லொறியைக் கழுவி, சந்தனப் பொட்டும் வைத்திருந்தார். பிரச்சினை வேண்டாமென்று அதைக் கோயில் வீதியில் விட்டுவிட்டு வரச் சொன்னோம். அவர் 'போக்குவரத்துத் துறையில்' இருக்கிறார் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். இந்தத் தொழில் மீதான பார்வையை மாற்றப் பத்திரிகைகளும் சங்கங்களும் ஏன் எதுவும் செய்வதில்லை?
— பெயர் வேண்டாம், கிளிநொச்சி

பதில்: பிள்ளை, உமது கடிதத்தில் சனத்தின் மேல் குற்றம் இருக்கிறது, பத்திரிகையின் மேல் இருக்கிறது, சங்கங்களின் மேலும் இருக்கிறது. கழுவிய லொறியைக் கோயில் வீதிக்கு அனுப்பியது யார்? அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர். நான் தாண்டமாட்டேன்.

அந்த மனிதர் அதை ஏன் கழுவினார்? ஒரு லொறியைக் கழுவுவது லேசான வேலையா? கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ள வேண்டும். டயர் இடுக்கில் காய்ந்த சேற்றைக் குச்சியால் கிண்ட வேண்டும். மகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் தன் தொழிலையும் நல்ல உடுப்பு உடுத்தி நிறுத்த நினைத்திருக்கிறார். நீங்களோ திறப்பைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். கோயில் வீதியிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? வந்து, அந்தக் கதிரையில் எந்த முகத்தோடு இருந்தார்? அதை ஒரு வரிகூட நீர் எழுதவில்லை.

சாரதிகளின் கெட்ட பெயர் சும்மா வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அனுமதிப்பத்திரம் இல்லாத மணலை ஏற்றிக்கொண்டு, தறப்பாளும் போடாமல், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஊருக்குள்ளால் பறக்கிற டிப்பரை நானும் பார்த்திருக்கிறேன். அதை மன்னிக்க முடியாது. ஆனால் ஒரு நடைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால், இன்னொரு நடை அடிக்கத்தான் பார்ப்பார்கள். அந்த முதலாளி வீட்டில் நித்திரை. விடியப்புறம் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் யாருக்கும் கண் சொக்கும். ஏ9 வீதியில் அந்த நேரம் கட்டாக்காலி மாடுகள் தார்ச்சூட்டுக்குப் படுத்திருக்கும். தம்புள்ளைக்குப் போய் வருகிற ஒருவர் வண்டியை ஓரங்கட்டி இரண்டு மணிநேரம் படுக்கவும், முகம் கழுவவும் ஒழுங்கான இடம் எத்தனை இருக்கிறது? மாதச் சம்பளம், ஓய்வு, படுக்க ஓர் இடம். சங்கங்கள் இதற்காகச் சண்டை பிடிக்கட்டும். லொறியின் பின்பக்கத்தில் முதலாளியின் தொலைபேசி இலக்கத்தையும் பெரிதாக எழுதட்டும். பெயர் தன்னால் திருந்தும். விழிப்புணர்வுப் பதாகையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

2008இல் போரால் நாங்கள் தருமபுரம் பக்கம் இடம்பெயர்ந்தபோது, கூரைத் தகரம், கதவு நிலை, அம்மாவின் சாய்மனைக் கதிரை எல்லாவற்றையும் ஏற்றி வந்தவர் ஒரு லொறிக்காரர். தறப்பாளை இறுக்கிக் கட்டிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து முன் ஆசனத்தில் ஏற்றினார். அவருடைய வீட்டுச் சாமான் அன்றைக்கும் ஏற்றாமல் கிடந்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது டீசல் வரிசையில் நாட்கணக்காகக் கிடந்தவர்களும் இவர்கள்தான். நாட்டில் சிலர் அந்த வரிசையிலேயே செத்தும் போனார்கள். அப்போது நம் வீடுகளுக்கு மாவும் மரக்கறியும் எப்படி வந்தன?

இன்னொன்று. நீர் ஆசிரியை. உமது வகுப்புப் பதிவேட்டில் தகப்பனின் தொழிலை எழுதும்போது, 'சாரதி' என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிற பிள்ளை ஒன்றாவது இருக்கும். அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வீர்? 'போக்குவரத்துத் துறை என்று எழுது' என்றா? உமது படிப்புக்கு, சேலைக்கு, இந்தக் கலியாணப் பேச்சுக்கு எல்லாம் காசு அந்த ஸ்டியரிங்கிலிருந்துதான் வந்தது. தகப்பனின் உழைப்பை ஒளித்து வைத்துக் கட்டுகிற கலியாணத்தை என்னால் வாழ்த்த முடியாது.

மாப்பிள்ளை வீட்டுக்கு உண்மை எப்படியும் தெரியவரும். கிளிநொச்சி அவ்வளவு பெரிய இடமில்லை. அதற்கு முன் நீரே போம். அம்மாவையோ மாமாவையோ தூது விடவேண்டாம். 'அப்பா லொறிச் சாரதி, அன்றைக்கு நாங்கள் மறைத்தோம், அது எங்கள் பிழை' என்று உமது வாயால் சொல்லும். அதைக் கேட்டு முகம் சுளித்தால், அந்த வீடு உமக்கு வேண்டாம். பொறுத்துக்கொண்டால், மேற்கொண்டு பேசலாம்.

அதற்கும் முன்னால் அப்பாவோடு கதையும். மன்னிப்புக் கேட்டால் அவர் 'பரவாயில்லை' என்றுதான் சொல்வார். அதைக் கேட்டு ஆறுதல்பட்டுவிட வேண்டாம். அடுத்த நடை முடிந்து வரும்போது லொறியை நேரே வீட்டு வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லும். கலியாணம் சரிவந்தால், கன்னிக்கால் ஊன்றுகிற அன்றும் அது பந்தலுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். படலை ஒடுக்கம் என்றால், வேலியில் நாலு கதியாலைப் பிடுங்கிவிடும்.