கடலோரத்தில் நிலத்தடி நீரைக் கண்டறிய மண் அடுக்குகளை ஏன் ஆராய்கிறார்கள்?

ஆறும் கடலும் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மணல், சரளை, களிமண் அடுக்குகளைத்தான் படிவுகள் என்கிறோம். மணல் நிரப்பிய வாளியில் தண்ணீர் ஊற்றினால் அது துகள்களின் இடுக்கில் தங்கி, அடியில் ஓட்டை போட்டதும் வடிகிறதல்லவா? நிலத்தடி நீரும் அப்படித்தான். களிமண்ணோ நீரை எளிதில் விடாது. ஆனால் மேலிருந்து இறங்கும் மாசைத் தடுக்கும் அருமையான மூடி அது. அந்த மூடி எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியாமல் நீரைப் பாதுகாக்க முடியாது. அதற்காகத்தான் துளையிட்டு மண் மாதிரி எடுக்கிறார்கள், நிலம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற மின்தடையும் அளக்கிறார்கள். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அது இருக்கும் இடம் இந்த அளவீட்டில் தெரிந்துவிடும்.

ஆழமாகத் துளைத்தால் நல்ல நீர் கிடைக்கும் என்று பலர் நம்புவது கடலோரத்தில் எப்போதும் சரியல்ல: மூடியில்லாத மணல் அடுக்கில் நன்னீர் கனமான உப்பு நீரின் மேல் மிதக்கிறது, நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால் உப்பு நீர் காலப்போக்கில் சுமார் 40 மீட்டர் மேலேறக்கூடும்.